மூப்பும் பிணியும் ஏன்?

சென்ற கோடை விடுமுறையில் என் தங்கையின் மகன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். கல்லூரியில் உயிரியல் படிப்பவன். படித்ததைப் பிறரிடம் சொல்லிப் பார்ப்பதில் ஆர்வம் மிக்கவன். ஒரு நாள் மாலை என் தாயார் திண்ணையில் அமர்ந்து முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது எண்பத்தொன்று. இரண்டு கண்களிலும் புரை விழுந்து அறுவைச் சிகிச்சை செய்தாயிற்று. நீரிழிவு இருபது ஆண்டுகளாக உண்டு. அண்மைக் காலமாக மறதியும் வந்து சேர்ந்திருக்கிறது.

“பாட்டி, இவையெல்லாம் இயற்கையின் ஏற்பாடு. வாழை குலை தள்ளியதும் சாய்கிறது. பக்கக்கன்று மேலே வருகிறது. முதியவர்கள் விலகினால்தானே இளையவர்களுக்கு இடம் கிடைக்கும்? அதற்காகவே இயற்கை முதுமையையும் நோயையும் வைத்திருக்கிறது” என்றான் அவன்.

தீய எண்ணத்தோடு அவன் அதைச் சொல்லவில்லை. தான் அறிந்துகொண்ட ஒரு கருத்தைப் பெருமிதத்தோடு எடுத்துரைத்தான், அவ்வளவுதான். என் தாயார் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, “ஏனப்பா, நான் இன்னும் இருப்பது இயற்கைக்கு ஆகாத காரியமா?” என்று கேட்டார்.

நான் பல ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவன். ஆயினும் அந்தக் கேள்விக்கு உடனே விடை கூற எனக்கு நா எழவில்லை. “அப்படி ஒன்றும் இல்லை, அம்மா” என்று மட்டும் சொன்னேன். அது ஆறுதலே ஒழிய விடை ஆகாது. சரியான விடை என்ன என்பதைப் பின்னர் நிதானமாக எண்ணிப் பார்த்தேன். அதையே இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் கேள்வியைத் தெளிவாக வகுத்துக்கொள்வோம். உயிரினங்களின் பரிணாமத்தில் இயற்கைத் தேர்வு ஆற்றும் பணியை நீங்கள் பாடப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். பாரம்பரியக் கூறுகளாகிய ஜீன்களில் அவ்வப்போது சிறு மாறுதல்கள் நேர்கின்றன. உயிர் பிழைத்துச் சந்ததியைப் பெருக்க உதவும் மாறுதல்கள் தலைமுறைதோறும் பரவுகின்றன. கேடு செய்பவை அருகி மறைகின்றன. இந்த எளிய முறையாலேயே பருந்தின் கண்ணும், வௌவாலின் செவியும், நம்முடைய மூளையும் உருவாயின. அத்தனை நுட்பமாகக் கண்ணைச் சமைத்த இயற்கை, அறுபது வயதில் அதில் புரை படர்வதை ஏன் தடுக்கவில்லை? ஒற்றை உயிரணுவிலிருந்து ஒரு குழந்தையின் முழு உடலையும் கட்டி எழுப்பத் தெரிந்த இயற்கைக்கு, கட்டிய உடலைப் பழுது பார்த்து வைத்திருக்கத் தெரியவில்லையா? கட்டுவது கடினம், காப்பது எளிதல்லவா?

இக்கேள்விக்கு முதலில் விடை கூற முயன்றவர்களுள் ஒருவர் ஜெர்மானிய உயிரியல் அறிஞர் ஆகஸ்ட் வைஸ்மான். அவர் 1881-இல் ஆற்றிய ஒரு சொற்பொழிவில், தேய்ந்துபோன உயிர்கள் தம் இனத்துக்குப் பயனற்றவை. அவை நல்ல நிலையிலுள்ள உயிர்களின் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. ஆகவே இனத்தின் நன்மைக்காக வாழ்நாளுக்கு ஓர் எல்லை ஏற்பட்டது என்ற கருத்தை வெளியிட்டார். என் மருமகன் கூறிய வாழை உவமையின் உட்பொருளும் இதுவே. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இக்கருத்து, ஆராய்ந்து பார்த்தால் நிலைபெறுவதில்லை.

முதலாவதாக, வயது ஏறினால் உடல் தேய்ந்துவிடும் என்பதை இவ்வாதம் முன்னரே ஒப்புக்கொள்கிறது. உடல் ஏன் தேய்கிறது என்பதுதானே நம் கேள்வி? கேள்வியையே விடையாகத் திருப்பித் தருகிறது இவ்வாதம். இரண்டாவதாக, காட்டில் வாழும் சிறு பிராணிகளில் மிகப் பெரும்பாலானவை முதுமையைக் காண்பதே இல்லை. பசியும் பகையும் குளிரும் தொற்றுநோயும் அதற்கு முன்பே அவற்றை முடித்துவிடுகின்றன. இல்லாத கிழவர்களை வெளியேற்றச் சட்டம் எதற்கு? மூன்றாவதாக, ‘இனத்தின் நன்மைக்காகக் குறித்த வயதில் மடி’ என்று ஆணையிடும் ஜீன் ஒன்று இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அந்த ஆணையை மீறும் ஜீன் ஒன்று தற்செயலாகத் தோன்றினால், அதை உடைய உயிர் மேலும் சில காலம் வாழ்ந்து மேலும் சில குட்டிகளை ஈனும். சில தலைமுறைகளுக்குள் ஆணையை மீறுவோரே பெருகிவிடுவர். தியாகம் செய்யும் ஜீனோ, தியாகத்தோடு தானும் மறைந்துவிடும்.

ஆகவே முதுமை இயற்கை விதித்த தண்டனை அன்று. அப்படியானால் அது என்ன?

விடைக்கு முதல் வழி காட்டியவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். இங்கிலாந்தில் பிறந்து, 1957-இல் இந்தியாவுக்கு வந்து குடியேறி, இந்நாட்டுக் குடிமகனாகவே 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்த பேரறிஞர் அவர். ஹண்டிங்டன் நோய் என்ற கொடிய பரம்பரை நோயைப் பற்றி அவர் 1941-இல் சிந்தித்தார். ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற அமெரிக்க மருத்துவர் 1872-இல் விவரித்த நோய் அது. பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. கைகால்கள் தம் வசமின்றி ஆடும், அறிவு மங்கும், நோய் தொடங்கிய பின் பதினைந்து, இருபது ஆண்டுகளில் உயிர் போகும். இத்தனை கொடிய ஜீனை இயற்கைத் தேர்வு ஏன் களையவில்லை?

அது வெளிப்படும் வயதைக் கவனியுங்கள். பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையிலேயே அந்நோய் தலைகாட்டுகிறது. அதற்குள் நோயாளி மணம் செய்து, குழந்தைகளைப் பெற்று, அந்த ஜீனை அவர்களிடம் சேர்த்துவிடுகிறார். வாயிற்காவலன் வருவதற்கு முன்பே திருடன் சுவரைத் தாண்டிவிட்டான்!

இதற்கு நேர் எதிரான நோய் ஒன்று உண்டு. புரோஜீரியா என்ற அந்நோய் குழந்தைப் பருவத்திலேயே முதுமைக் கோலத்தைக் கொடுத்து, பெரும்பாலும் பதினைந்து வயதுக்குள் உயிரைப் பறிக்கிறது. அதற்கு ஆளானவர் சந்ததியைப் பெறுவதில்லை. ஆகவே அந்த மாறுதல் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தோன்றி அங்கேயே முடிந்துபோகிறது. பல லட்சம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவிலேயே அதைக் காண்கிறோம். ஹண்டிங்டன் நோயோ ஐரோப்பிய வம்சாவளியினரிடையே லட்சம் பேரில் ஏறத்தாழ பத்துப் பேருக்கு உண்டு. இரண்டும் கொடியவை, இரண்டும் ஒவ்வொரு ஜீனால் விளைபவை. ஒன்று முன்னே வருகிறது, மற்றொன்று பின்னே வருகிறது என்பதே முக்கியமான வேறுபாடு.

இக்கருத்தை விரிவாக்கி, முதுமை முழுவதற்கும் பொருந்தச் செய்தவர் பீட்டர் மெடவார். 1960-இல் நோபல் பரிசு பெற்ற அவர், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1951-இல் நிகழ்த்திய ஒரு சொற்பொழிவில் இதனை விளக்கினார். ஆய்வுக்கூடத்துச் சோதனைக் குழாய்களை அவர் உதாரணமாகக் காட்டினார். நமக்கு மண் குடங்கள் இன்னும் பழக்கமானவை. அவற்றைக் கொண்டே பார்ப்போம்.

ஒரு தண்ணீர்ப் பந்தலில் 1,000 புதுக் குடங்கள் இருக்கின்றன. அவை நாளடைவில் நைந்து போவதில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆயினும் கை தவறியும் கல் பட்டும் ஆண்டுதோறும் பாதிக் குடங்கள் உடைகின்றன. முதலாண்டு முடிவில் 500 மிஞ்சும். இரண்டாம் ஆண்டு முடிவில் 250. ஐந்தாம் ஆண்டு முடிவில் ஏறத்தாழ 31. பத்தாம் ஆண்டு முடிவில் ஒரே ஒரு குடம். உடைந்தவற்றுக்கு ஈடாகப் புதியவற்றை வைத்துக்கொண்டே போனால், எந்த நேரத்தில் எண்ணினாலும் இளங்குடங்களே மிகுதியாக இருக்கும். இத்தனைக்கும் குடங்கள் மூப்படையவே இல்லை என்பதை மறவாதீர்கள்.

இப்போது குயவர் பிசையும் மண்ணில் ஒரு குறை இருக்கிறது. அதனால் முதலாண்டிலேயே குடம் கசிந்தால் அத்தனை பேரும் முறையிடுவர். குயவர் அந்த மண்ணை விட்டொழிப்பார். அதே குறை பத்தாம் ஆண்டில்தான் தெரியும் என்றால் முறையிட யார் இருப்பார்கள்? ஆயிரத்தில் ஒரு குடம் கசிவதைக் குயவர் அறியவும் மாட்டார். குறையுள்ள மண்ணைக் கொண்டே மேலும் மேலும் குடங்கள் வனையப்படும்.

இயற்கைத் தேர்வு அந்தக் குயவரைப் போன்றது. இளமையில் கேடு செய்யும் ஜீன் அதன் பார்வைக்குத் தப்பாது. முதுமையில் மட்டுமே கேடு செய்யும் ஜீனோ, பார்வைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. நம் முன்னோர்களில் பெரும்பாலோர் விபத்தாலும் பஞ்சத்தாலும் கொள்ளை நோயாலும் முன்னரே மடிந்தமையால், பிற்காலத்துக் கேடுகள் களையப்படாமல் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துவிட்டன. வயது ஏற ஏற இயற்கைத் தேர்வின் பிடி தளர்கிறது என்பதே இதன் சாரம்.

1957-இல் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் இதற்கு மேலும் ஒரு படி சென்றார். சில ஜீன்கள் இளமையில் நன்மையும் முதுமையில் தீமையும் செய்யக்கூடும் என்றார் அவர். இளமையில் எலும்பு விரைவில் கூட உதவும் சுண்ணச் சத்து, பிற்காலத்தில் இரத்தக் குழாய்களின் சுவரில் படிந்து அவற்றை விறைக்கச் செய்வதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இளமையில் கிடைக்கும் சிறு நன்மைகூட, முதுமையில் வரும் பெருந்தீமையைவிடத் தேர்வின் தராசில் கனமானது. ஏனெனில் நன்மையைப் பெறுவோர் பலர். தீமையை அனுபவிக்க எஞ்சியிருப்போர் சிலர். ஆகவே அத்தகைய ஜீனை இயற்கைத் தேர்வு பொறுத்துக்கொள்வது மட்டுமன்று. விரும்பிப் பரப்பவும் செய்யும். இன்று வாங்கி என்றோ அடைக்கும் கடன் அது. அடைக்கும் நாளில் கடன்காரர் உயிரோடிருப்பாரா என்பதே ஐயம்!

இது வெறும் கற்பனை அன்று. நம் உடலின் உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகினால் புற்றுநோய் ஆகிறது. அதைத் தடுக்கும் காவலாகப் பி-53 என்ற புரதம் பணியாற்றுகிறது. கேடுற்ற உயிரணுவைப் பிளவுபடாமல் நிறுத்துவதும், தேவையானால் அதை மாய்த்துவிடுவதும் அதன் வேலை. இக்காவலை மிகைப்படுத்தினால் என்ன ஆகும்? அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் சுண்டெலிகளில் அவ்வாறான மாறுதலைக் கண்டு, 2002-இல் முடிவுகளை வெளியிட்டனர். அந்த எலிகளுக்குப் புற்றுநோய் மிகக் குறைவாகவே வந்தது. ஆனால் அவற்றின் எலும்பு தேய்ந்தது, உறுப்புகள் சுருங்கின, மற்ற எலிகளைவிட விரைவில் கிழடாகி இறந்தன. புற்றுநோயைத் தடுக்கும் அதே கடிவாளம், தேய்ந்த உறுப்பைப் புதுப்பிக்கும் உயிரணுக்களையும் இழுத்துப் பிடிக்கிறது. கடிவாளத்தைத் தளர்த்தினால் ஓர் ஆபத்து. இறுக்கினால் மற்றோர் ஆபத்து.

1977-இல் தாமஸ் கர்க்வுட் என்ற ஆங்கில அறிஞர் மூன்றாவது கருத்தொன்றைச் சேர்த்தார். உண்ணும் உணவிலிருந்து உடலுக்குக் கிடைக்கும் சக்தி அளவுடையது. அதைச் சந்ததிக்கும் செலவிட வேண்டும். உடலைப் பழுது பார்க்கவும் செலவிட வேண்டும். எப்படியும் சில ஆண்டுகளில் புலிக்கு இரையாகப்போகும் உடலுக்கு நூறாண்டுக்கான பராமரிப்பைச் செய்வது வீண் செலவு. எனவே இயன்ற மட்டும் காலத்துக்குப் போதுமான பராமரிப்போடு இயற்கை நின்றுவிடுகிறது. யானையின் கடைவாய்ப் பற்களைப் பாருங்கள். வாழ்நாளில் ஆறு தொகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைக்கின்றன. ஆறாவதும் தேய்ந்துவிட்டால் ஏழாவது இல்லை; காட்டு யானை மெல்ல முடியாமல் மெலிந்து இறக்கிறது. நம் கண்ணின் வில்லையும் அப்படித்தான். அதன் நடுப்பகுதியிலுள்ள புரதங்கள் நாம் பிறப்பதற்கு முன்பே அமைந்தவை. பிறகு அவை மாற்றப்படுவதே இல்லை. எண்பது ஆண்டுக்கால வெயிலையும் வெளிச்சத்தையும் கண்ட அந்தப் புரதங்கள் கலங்கிப் போவதில் வியப்பென்ன? என் தாயாரின் கண்ணில் விழுந்த புரைக்கு ஒரு காரணம் இது.

இக்கருத்துகள் சரியானவை என்பதற்குச் சான்று வேண்டாமா? இவை உண்மையானால், வெளிப்பகைக்கு ஆளாகாமல் தப்பி வாழும் பிராணிகள் மெல்ல மூப்படைய வேண்டும். ஏனெனில் அவற்றில் பல நெடுங்காலம் உயிரோடிருந்து சந்ததி பெறுவதால், இயற்கைத் தேர்வின் பார்வை அவற்றின் பிற்காலத்தையும் எட்டும். சுண்டெலி இரண்டு மூன்று ஆண்டுகள் வாழ்கிறது. அதைவிட எடை குறைந்த வௌவால்கள் பல, இருபது ஆண்டுகளையும் கடந்து வாழ்கின்றன. சைபீரியாவில் அடையாள வளையம் பூட்டி விடப்பட்ட பிராண்ட் வௌவால் ஒன்று 41 ஆண்டுகளுக்குப் பிறகு உயிருடன் பிடிபட்டது. அந்த இனத்தின் எடை பத்துக் கிராமுக்கும் குறைவு! பறக்கும் ஆற்றலும் இருண்ட குகைகளும் அதைப் பகைவரிடமிருந்து காக்கின்றன.

இதனினும் அழகான சான்று ஒன்று உண்டு. ஒப்போசம் என்பது பூனையளவுள்ள, வயிற்றுப் பையில் குட்டிகளை வைத்துக் காக்கும் அமெரிக்கப் பிராணி. அது மிக விரைவில் மூப்படைவது. ஸ்டீவன் ஆஸ்டட் என்ற விலங்கியலார், ஜார்ஜியா மாநிலக் கடற்கரையை ஒட்டிய சபெலோ தீவில் வாழும் ஒப்போசங்களை, எதிரே பெருநிலத்தில் வாழ்பவற்றோடு ஒப்பிட்டார். அத்தீவு சில ஆயிரம் ஆண்டுகளாகப் பிரிந்து நிற்பது. ஒப்போசத்தைக் கொல்லும் பெரிய விலங்குகள் அங்கு இல்லை. 1993-இல் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, தீவு வாசிகள் கூடுதல் காலம் வாழ்ந்தன. அவற்றின் வாலிலுள்ள தசைநார்கள் மெதுவாகவே விறைத்தன. ஓர் ஈற்றில் அவை ஈன்ற குட்டிகளும் குறைவு. பகை குறைந்தது; மூப்பின் நடையும் தளர்ந்தது.

மைக்கேல் ரோஸ் என்பவர் ஆய்வுக்கூடத்திலேயே இதைச் செய்து காட்டினார். பழ ஈக்களில் வயது முதிர்ந்தவை இடும் முட்டைகளை மட்டுமே எடுத்து, அடுத்த தலைமுறையை வளர்த்தார். பல தலைமுறைகள் இவ்வாறு செய்தபின், அந்த ஈக்களின் ஆயுள் நீண்டது. இளமையில் அவை இடும் முட்டைகளோ குறைந்தன. 1984-இல் வெளியான இச்சோதனை, மூப்பின் வேகம் மாற்ற முடியாத விதி அன்று என்பதையும், நீண்ட ஆயுளுக்கு ஒரு விலை உண்டு என்பதையும் ஒருங்கே காட்டியது.

இனி மனிதனிடம் வருவோம். மாரடைப்பும் நீரிழிவும் இக்காலத்து வாழ்க்கையால் வந்தவை அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். அதிலும் உண்மை உண்டு; ஆனால் முழு உண்மை அன்று. எகிப்து, பெரு முதலிய நான்கு நிலப்பகுதிகளைச் சேர்ந்த 137 பழங்கால உடல்களைக் கதிர்ப்படம் எடுத்து ஆராய்ந்தவர்கள், அவற்றுள் 47 உடல்களின் இரத்தக் குழாய்களில் படிவு இருந்ததை, அல்லது இருந்திருக்கக்கூடியதை, 2013-இல் அறிவித்தனர். எனவே இரத்தக் குழாய் தடித்தல் பழைய நோயே. மறுபுறம், பொலிவியா நாட்டுக் காடுகளில் வேட்டையாடியும் மீன் பிடித்தும் பயிரிட்டும் வாழும் த்சிமானே மக்களில் 705 பேரை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட அறிக்கை வேறொன்றைச் சொல்கிறது. நாற்பது வயதைக் கடந்த அவர்களில் 100-க்கு 85 பேரின் இதயக் குழாய்களில் சுண்ணப் படிவே இல்லை. நோய்க்கான விதை எல்லோரிடமும் இருக்கிறது. அது எப்போது, எவ்வளவு முளைக்கும் என்பதை வாழ்க்கை முறை தீர்மானிக்கிறது.

நம் நாட்டுக்கு இது மிக முக்கியமான செய்தி. 2023-இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்று, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. பசியையும் நடையையும் இயல்பாகக் கொண்ட உலகில் உருவான உடல், உட்கார்ந்த வேலையும் ஓயாத தீனியுமாக உள்ள உலகில் இன்று வாழ்கிறது. முதுமையில் வரவேண்டிய நோய் முப்பதிலேயே வந்து நிற்பதற்கு இயற்கைத் தேர்வின் மீது மட்டும் பழி போடுவது நேர்மை ஆகாது.

மறதி நோயிலும் இந்தப் பழைய கணக்கின் சாயல் தெரிகிறது. ‘அப்போ-ஈ’ என்ற ஜீனின் நான்காம் வகையை உடையவர்களுக்கு அல்சைமர் நோய் வரும் வாய்ப்பு மிகுதி. ஆயினும் த்சிமானே பெண்களிடையே அதே வகையை உடையவர்கள் சற்றுக் கூடுதலான குழந்தைகளைப் பெற்றிருந்ததாக 2023-இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. இளமையில் ஈந்த கையே முதுமையில் பறிக்கிறது போலும்!

இனி வாழைக்கு வருகிறேன். வாழை தன் வாழ்நாளில் ஒரே ஒரு குலையைத் தள்ளுகிறது. தன்னிடமுள்ள சத்தையெல்லாம் அதிலே கொட்டிவிட்டுச் சாய்கிறது. மனிதன் வாழை அல்லன். நம் இனப் பெண்களுக்கு ஏறத்தாழ ஐம்பது வயதில் மகப்பேறு நின்றுவிடுகிறது. ஆனால் அதன்பின் இருபது, முப்பது ஆண்டுகள் அவர்கள் வாழ்கிறார்கள். விலங்குலகில் இது மிக அரிது. திமிங்கல இனங்கள் சிலவற்றில் இதைக் காண்கிறோம். மருந்தும் மருத்துவமனையும் தந்த பேறு இது என்று எண்ணவேண்டாம். வேட்டையாடி வாழும் மக்களிடையிலும், குழந்தைப் பருவத்தைத் தாண்டியவர்களில் எழுபதை எட்டுவோர் உண்டு. பழங்காலத்துச் சராசரி ஆயுள் குறைவாக இருந்ததற்குப் பெருங்காரணம் சிசு மரணம். முதியோர் அறவே இல்லாமற்போனது அன்று.

மகப்பேறு நின்றபின் வாழும் வாழ்வை இயற்கைத் தேர்வு ஏன் நீட்டித்தது? டான்சானியா நாட்டில் ஹட்ஸா என்னும் வேட்டுவ மக்கள் வாழ்கின்றனர். கிறிஸ்டன் ஹாக்ஸ் என்ற மானிடவியல் அறிஞரும் அவர் தோழர்களும் அவர்களோடு இருந்து, யார் யார் எவ்வளவு உணவு கொண்டுவருகிறார்கள் என்று அளந்து பார்த்தனர். கடினமான தரையைக் கோலால் கிளறி ஆழத்திலுள்ள கிழங்குகளைத் தோண்டுவதில் மூதாட்டிகள் சளைக்காதவர்கள் என்று கண்டனர். தாய்க்குப் புதிதாக ஒரு குழந்தை பிறந்துவிட்டால், பால் மறந்த மூத்த குழந்தையின் எடை பாட்டி தேடும் உணவைப் பொறுத்தே ஏறுகிறது. பாட்டி உழைத்தால் பேரன் பிழைக்கிறான். பேரனிடம் பாட்டியின் ஜீன்களும் பிழைக்கின்றன. பின்லாந்திலும் கானடாவிலும் உள்ள பழைய மாதா கோயில் பதிவேடுகளை ஆராய்ந்தவர்களும், ஐம்பதுக்குப் பின் நெடுநாள் வாழ்ந்த பெண்களுக்குப் பேரக் குழந்தைகள் மிகுதியாக இருந்ததை 2004-இல் வெளியிட்டனர். மனித வாழ்நாள் நீண்டதற்கு மூதாட்டிகளின் உழைப்பே ஒரு முக்கியக் காரணம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

எனவே என் தாயாரின் கேள்விக்கு விடை இதுதான். இயற்கை அவரை வெளியேறச் சொல்லவில்லை. எவரையும் அது அவ்வாறு சொல்வதில்லை. அவருடைய பிணிகள் தீர்ப்பு அல்ல. கவனிப்பாரற்று விடப்பட்ட பழுதுகள். பார்வை எட்டாத இடத்தில் குயவர் விட்ட குறைக்குக் குடத்தின் மீது குற்றம் இல்லை. குடம் உடையவேண்டும் என்று குயவர் விரும்பியதும் இல்லை.

மாணவர்களே, இதிலிருந்து நீங்கள் கொள்ளத்தக்கவை இரண்டு. முதுமை ஒரே ஒரு பூட்டினால் பூட்டப்பட்ட கதவு அன்று. பல்வேறு ஜீன்களில் சிறுகச் சிறுகச் சேர்ந்த குறைகளின் தொகுதி அது. எனவே மூப்பை ஒழிக்கும் ஒற்றை மருந்தைக் கண்டுபிடித்தேன் என்று எவரேனும் விளம்பரம் செய்தால் எளிதில் நம்பிவிடாதீர்கள். அதே சமயம், ஒப்போசமும் பழ ஈயும் காட்டியபடி மூப்பின் வேகம் கல்லில் எழுதப்பட்டதும் அன்று. ஒவ்வொரு பழுதாக ஆராய்ந்து நீக்கவோ தள்ளிப்போடவோ இடம் உண்டு. இது முதலாவது. இயற்கை எதைச் செய்கிறது என்பதைக் கொண்டு நாம் எதைச் செய்யவேண்டும் என்று முடிவு கட்டலாகாது என்பது இரண்டாவது. இயற்கைத் தேர்வு முதியோரைக் கவனியாமல் விட்டது, அதற்குக் கண் இல்லாததால். நமக்கோ கண் இருக்கிறது. புரையை நீக்கி வேறு வில்லையைப் பொருத்தும் மருத்துவர், இயற்கையின் ஆணையை மீறுகிறவர் அல்லர். இயற்கை செய்யாது விட்ட பணியைச் செய்கிறவர்.

இவற்றையெல்லாம் மறுநாள் திண்ணையில் அமர்ந்து இருவரிடமும் சொன்னேன். ஜீன்களையும் புரதங்களையும் என் தாயார் பொறுமையாகக் கேட்டார். ஹட்ஸா மூதாட்டி கிழங்கு தோண்டும் செய்தி வந்தபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, “தாய்க்குக் கைக்குழந்தை இருந்தால் மூத்ததைப் பாட்டிதானே பார்க்க வேண்டும்? இதை அளந்து வேறு பார்க்கவேண்டுமா?” என்றார்.

என் தங்கை பள்ளி ஆசிரியை. தம்பி பிறந்த ஆண்டிலிருந்து பள்ளிப் படிப்பு முடியும் வரையில் என் மருமகனை வளர்த்தவர் அவனுடைய பாட்டியேதான். அது அவனுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். தைலப் புட்டியை எடுத்துக்கொண்டு அவர் காலருகில் போய் உட்கார்ந்தான். அதன் பிறகு அவன் வாழையைப் பற்றிப் பேசவில்லை.